பழவேற்காட்டில் பார்க்க ஒன்றுமில்லை என்பவருக்கு

கேள்வி, ஜனவரி 4, 2025

போன வாரம் குடும்பத்தோடு பழவேற்காடு போய் வந்தோம். டச்சுக் கல்லறை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கோட்டை என்று காட்டிய இடத்தில் புதர்தான் இருந்தது. கொஞ்சம் இறால் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டோம். நானூறு வருட வரலாறு என்று சொல்லி எல்லாரையும் வரச் சொல்கிறீர்களே, சென்னையிலிருந்து அவ்வளவு தூரம் வருவதற்கு அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது?

ஜனவரி 4, இரவு

நான் ஏரிக்கு வடக்கே, ஆந்திராவில் இருக்கிற சூலூர்பேட்டைக்காரி. அம்மா பிறந்தது பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில். சின்ன வயதில் லீவு விட்டால் பாட்டி வீடு என்றாலே எங்களுக்கு அந்த ஊர்தான். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் கேட்டவர் மேல் இல்லை. டச்சுக்காரர்கள் விட்டுப்போனதை மட்டும் பழவேற்காடு என்று காட்டி அனுப்புகிறார்களே, அவர்கள் மேல். கல்லறையைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் பத்து நிமிடம்தான் ஆகும், அதில் சந்தேகமே இல்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜனவரி 5

சரி, கல்லறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதையும் யாரும் நின்று பார்ப்பதில்லை.

வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். ஒன்றின் தலையில் மணற்கடிகாரம், அதை வலது கையால் தாங்கிக்கொண்டு இடது கையை இடுப்பில் வைத்திருக்கும். இன்னொன்றிடம் மண்டையோடு. உன் நேரம் ஓடுகிறது, கடைசியில் நீயும் இதுதான் என்று உள்ளே வருகிறவனுக்குச் சொல்கிற வாசல் அது. உள்ளே பெரிய கருங்கல் பலகைகள், குடும்பச் சின்னங்கள், டச்சு எழுத்துகள், இன்னும் கூர் மழுங்காத கொடி வேலைப்பாடு. தொல்லியல் துறை பாதுகாக்கிற கல்லறைகளில் 1630களைச் சேர்ந்தவையும் உண்டு. அந்த வருடங்களை மனசில் வைத்துப் பாருங்கள். சென்னையில் ஆங்கிலேயர்களுக்கு இடம் கிடைத்ததே 1639-இல்தான். அதற்கு முன்பே இங்கே ஒரு ஐரோப்பிய ஊர் நடந்து, அதில் ஆட்கள் பிறந்து, இறந்து, புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

கோட்டை இருந்த இடத்தில் மேடும் முள்ளும் அகழியின் தடமும்தான் மிச்சம். அங்கே போய் மதில் எங்கே என்று தேடினால் ஏமாற்றம்தான். அது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு போனால் அந்த மேடே போதும். டச்சுக்காரர்கள் 1610-இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி வாங்கி இங்கே கடை போட்டார்கள். இந்த ஊர் அப்போது அவருடைய ராணியின் வசத்தில் இருந்தது. சாந்தோமில் இருந்த போர்த்துகீசியர்களுக்கு இது பொறுக்கவில்லை, 1612-இல் வந்து அடித்து நொறுக்கினார்கள். அதற்குப் பிறகுதான் 1613-இல் கோட்டை எழும்பியது. அப்போதைய டச்சுத் தலைவர் வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த நாட்டுப் பகுதியின் பெயரை வைத்து கெல்டிரியா என்றார். சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக்காரர்களின் தலைமையிடம் பல காலம் இதுதான்.

கேட்டவர் "புதர்தான் இருந்தது" என்கிறார். அந்தப் புதரிலிருந்துதான் ஜாவாவுக்கும் மொலுக்காஸ் தீவுகளுக்கும் கப்பல் கப்பலாகத் துணி போயிருக்கிறது. இந்தோனேசியாவில் மிளகு, ஜாதிக்காய், கிராம்பு வாங்க அவர்களிடம் பணத்தைவிட நம் கரைத் துணிதான் செல்லுபடியானது.

ஆனால் இதோடு நிறுத்தினால் நானும் டச்சு வரலாறு மட்டும் சொல்கிற கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன். போர்த்துகீசியர் வருவதற்கு முன்பே இங்கே அரபுக் கடல் வணிகத்தோடு தொடர்புள்ள முஸ்லிம்கள் இருந்தார்கள், கோவில் இருந்தது, வலை இருந்தது. ஆதிநாராயணப் பெருமாள் கோவிலைப் பாருங்கள். செம்புரைக்கல்லில் கட்டிய விஜயநகரக் காலக் கோவில். அதில் ராமாயணக் காட்சிகளைக் கை அகலத்துக்கும் குறைவான சின்னச் சின்னச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். கழுத்து வலிக்கிற வரைக்கும் நிமிர்ந்து பார்க்க வேண்டும். பாதி சிதைந்து கிடக்கிறது, அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஜனவரி 6

விட்டுப்போனது ஒன்று. சின்னப் பள்ளிவாசலில் ஒரு சூரிய கடிகாரம் இருக்கிறது. தொழுகை நேரம் பார்க்க வைத்தது. அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள், மரியாதையாக உடுத்திக்கொண்டு. வெயில் ஏறிய நேரத்தில் போனால் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறது என்று பார்த்து உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடலாம். இரண்டும் அப்படியே பொருந்தாது. நாம் கட்டியிருப்பது இந்தியா முழுவதற்குமான நேரம், அது காட்டுவது பழவேற்காட்டு நேரம். குழந்தைகளோடு போனால் இதைக் கட்டாயம் காட்டுங்கள்.

ஜனவரி 9

"சென்னைக்கு முந்தியே இவ்வளவு பெரிய துறைமுகம் என்றால் ஏன் சென்னையாகவில்லை, முகத்துவாரம் ஆழமில்லாததாலா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

முகத்துவாரம் ஒரு காரணம் என்பார்கள். எனக்கு அது போதுமான காரணமாகத் தோன்றவில்லை. சென்னையில் மட்டும் என்ன இருந்தது? அங்கும் கப்பல் வெளியே கடலில்தான் நிற்கும், பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலை தாண்டித்தான் கரைக்கு வர வேண்டும். அதைவிட மோசமான துறை வேறு வேண்டுமா?

என் எண்ணம், டச்சுக்காரர்களுக்கு இங்கே ஊர் தேவைப்படவில்லை, கிடங்கு தேவைப்பட்டது. அவர்கள் கண் எல்லாம் ஜாவா மேல். 1690-இல் தலைமையை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டு போனார்கள், பழவேற்காடு இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. 1781-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், பிறகு திரும்பக் கொடுத்தார்கள், மறுபடி பிடித்தார்கள், மறுபடி கொடுத்தார்கள். கடைசியில் 1824 ஒப்பந்தப்படி 1825-இல் மொத்தமாகக் கை மாறியது. ஐரோப்பாவில் யாரோடு யாருக்குச் சண்டை என்பதைப் பொறுத்து இங்கே கொடி மாறிக்கொண்டிருந்தது. அப்படி இருந்தால் எந்த வியாபாரி நம்பி வீடு கட்டுவான்?

எங்கள் பக்கத்துக் கதை ஒன்றும் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. 1621-இல் ஆங்கிலேயர்களும் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களோடு பங்காளியாக இருந்து பார்த்தார்கள். ஒத்துவரவில்லை, 1623-இல் வெளியேறினார்கள். பிறகு 1626-இல் இதே ஏரியின் வடக்கு முனையில், இப்போது ஆந்திராவில் இருக்கிற துர்கராஜப்பட்டினத்தில் இடம் பிடித்தார்கள். ஆர்மகான் என்று அவர்கள் எழுதிய ஊர் அது. அங்கே தலைவராக இருந்த பிரான்சிஸ் டேதான் தெற்கே இறங்கி 1639-இல் சென்னைக்கான இடத்தை வாங்கினார். ஆக இந்த ஏரியின் தென்முனை டச்சுக்காரர்களுக்கு, வடமுனை ஆங்கிலேயர்களுக்கு. சென்னையின் கதையைக் கோட்டையிலிருந்து ஆரம்பிக்கிறவர்கள் எங்கள் ஏரியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

ஜனவரி 10

கைலி பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், கடையில் பளையகாட் கைலி என்று கேட்டு வாங்குகிறோமே, அது இந்த ஊரின் பெயர்தான். இங்கிருந்து ஏற்றுமதியான கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு வெளிநாடுகளில் அவ்வளவு பெயர்.

ஜனவரி 12

முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது. துணி, ஜாதிக்காய் என்று எழுதிவிட்டு இதை எழுதாமல் இருப்பது நியாயமில்லை.

பழவேற்காட்டிலிருந்து மனிதர்களையும் ஏற்றினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பஞ்ச காலங்களில், குறிப்பாக 1640களில், சோழமண்டலக் கரையில் தங்களையோ தங்கள் பிள்ளைகளையோ விற்க வேண்டிய நிலைக்கு வந்த மக்களை டச்சுக் கம்பெனி வாங்கி, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கும் மற்ற தீவுகளுக்கும் அடிமைகளாக அனுப்பியது. நம் ஊர் ஆட்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். கம்பெனி அதிகாரியின் பெயரும் பட்டமும் கருங்கல்லில் இருக்கிறது. கப்பலில் போனவர்களுக்கு இந்த ஊரில் ஒரு கல் கிடையாது.

அந்தக் கல்லறைக்குள் நின்று கொடி வேலைப்பாட்டை ரசிக்கிறபோது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சுற்றுலாப் பலகைகள் "டச்சுப் பாரம்பரியம்" என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பாரம்பரியம் என்றால் இதுவும் சேர்த்துத்தான்.

ஜனவரி 14

பொங்கல் வாழ்த்துகள். காணும் பொங்கலுக்கு அங்கே வர நினைப்பவர்கள் தயவுசெய்து வேறு நாள் பாருங்கள். அன்று ஊர் கொள்ளாத கூட்டம், வண்டி நகராது, கடலில் இறங்க போலீஸ் விடாது, விடவும் கூடாது.

இன்னொன்று. படகு. 2011 டிசம்பர் 25 அன்று கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் சென்ற படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. அந்தச் செய்தி வந்த மாலை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அதற்குப் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. கரையில் யாராவது வந்து "ஒரு ரவுண்டு போகலாமா" என்று கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏரி பார்க்க இடுப்பளவுதான் இருக்கும், பெரும்பாலான இடத்தில் ஒரு மீட்டர் ஆழம்கூட வராது. முகத்துவாரத்தில் நீரோட்டம் வேறு மாதிரி. வற்று நேரத்தில் கடலுக்குள் இழுக்கிற இழுப்பைக் கரையில் நின்றே பார்க்கலாம்.

ஜனவரி 19

இப்போதுதான் நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் பழவேற்காட்டின் மிகப் பழைய கட்டடம் எது என்பதைவிட, அங்கே இன்னும் நடப்பில் இருக்கிற பழைய ஏற்பாடு எது என்று கேட்க வேண்டும். அது பாடு.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் அதிகம் படும் இடங்கள் சிலதான். வளர்ந்த இறால் வற்று நீரோடு கடலுக்குப் போகிறபோது குறுக்கே முளையடித்து வலை கட்டினால் நன்றாகப் படும். எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டினால் சண்டைதான் வரும். அதனால் இந்த இடங்களைப் பாடுகளாகப் பிரித்து, பட்டினவர் என்கிற மீனவச் சாதியின் குப்பங்கள் முறை வைத்துக்கொள்கின்றன. இன்று உனக்கு இந்தப் பாடு, நாளை எனக்கு. முறையைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். யார் யாருக்கு உரிமை என்பது தலைக்கட்டுக் கணக்கில், அதாவது குடும்பக் கணக்கில் இருக்கும், ஊர்ப் பஞ்சாயத்து அதைப் பார்த்துக்கொள்ளும். நல்ல பாடு ஒருவனுக்கே மாட்டிக்கொள்ளாது, மோசமான பாடும் ஒருவன் தலையிலேயே விழாது.

மாமா தன் பாடு முறைக்குப் போகிற நாள் வீடே வேறு மாதிரி இருக்கும். சாயங்காலமே சாப்பிட்டுவிடுவார். வலையை எடுத்து ஒவ்வொரு கண்ணாக விரலால் தள்ளிப் பார்ப்பார், அறுந்த இடத்தில் அங்கேயே முடிச்சுப் போடுவார். எங்களைப் பக்கத்தில் விளையாட விடமாட்டார். அமாவாசையை ஒட்டிய நாட்களில் இறால் நன்றாகப் படும் என்று அந்த நாட்களில் முறை வருவதற்குக் காத்திருப்பார். விடியற்காலை ஏலக் கரையில் கூடையைக் கவிழ்க்கிறபோது இறால் துள்ளுகிற சத்தம் இருக்கிறதே, சூடான கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. ஏலம் கேட்கிறவர் வாய் மூடாமல் விலை சொல்லிக்கொண்டே போவார், சுற்றி நிற்பவர்கள் கண்ணாலேயே பதில் சொல்வார்கள். மாமா வாய் திறக்கமாட்டார். விலை படிந்தால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

பாடு முறையை எழுதி வைத்த சட்டம் எதுவும் காப்பாற்றவில்லை, ஊர்க்கட்டுப்பாடுதான் காப்பாற்றியது. கோட்டையில் கொடி மாறியபோதும் வலை முறை ஊரின் கையிலேயே இருந்தது. இதைப் பார்க்காமல் பழவேற்காட்டில் ஒன்றுமில்லை என்றால் எப்படி?

ஜனவரி 21

பாடு முறையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, முறை யாருக்கெல்லாம் கிடையாது, அதையும் எழுதுங்களேன்." இரண்டு நாளாக யோசித்தேன். அவர் கேட்டது சரி.

ஏரியில் பிழைக்கிற எல்லாருக்கும் பாடு முறையில் இடமில்லை. அது சாதிக்குள் இருக்கிற முறை. வெளியே இருப்பவர்கள் ஓரமாகத்தான் பிழைக்க வேண்டும். பெண்களுக்கு முறை கிடையாது, ஆண் தலைக்கட்டுக்குத்தான். இருளர் பெண்களைப் பாருங்கள். இடுப்பளவு நீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்துகொண்டே இரண்டு கையாலும் சேற்றைத் தடவுவார்கள். கையில் இறால் தட்டுப்பட்டதும் பிடித்து, பல்லால் கவ்விக்கொண்டிருக்கிற பறிக்கூடையில் போடுவார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. விரல் நுனியெல்லாம் வெட்டுக்காயம். மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் இருந்துவிட்டுக் கரையேறுகிறபோது தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும்.

எங்கள் மாமாவின் முறையை நான் பெருமையாகத்தான் சொல்வேன், பங்காளிச் சண்டை இல்லாமல் ஏரியைப் பகிர்ந்துகொள்ள அதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு கரைக்கு நியாயமாக இருப்பது எதிர்க்கரைக்கு வேலியாகவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முறையை உடைக்கச் சொல்லவில்லை, அகலமாக்க வேண்டும் என்பதுதான் என் நிலை. ஊரில் இதைச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

ஜனவரி 24

எல்லை பற்றி.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். இதன் பெரும்பகுதி ஆந்திராவில், தென்முனைதான் தமிழ்நாட்டில். ஏரியின் நடுவில் கம்பி போட்டா வைத்திருக்கிறார்கள்? மீனுக்குத் தெரியாது, தலைமுறை தலைமுறையாக ஒரே நீரில் வலை போட்டவர்களுக்கும் அது மனசில் ஏறாது. ஆனால் அந்தப் பக்கம் போய்விட்டால் வலையையும் படகையும் பிடித்து வைத்துக்கொள்கிற சண்டை இன்றும் நடக்கிறது. பல வருடமாக இதே வழக்குதான்.

இருக்கம் தீவு ஆந்திராவில் இருக்கிறது, அங்கே வீட்டில் பேசுவது தமிழ். பிள்ளைகள் தெலுங்கும் படிக்கிறார்கள். எங்கள் சூலூர்பேட்டையிலும் அப்படித்தான், கடையில் தெலுங்கு, வீட்டில் தமிழ், சண்டையில் இரண்டும். 1960-இல் இரண்டு மாநிலங்களும் எல்லையைத் திருத்திக்கொண்டபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கும் சத்தியவேடு ஆந்திராவுக்கும் போனது எல்லாருக்கும் தெரியும், அதைப் பற்றி மேடையில் பேசினார்கள். தண்ணீரில் இருக்கிற எல்லையைப் பற்றி யார் பேசினார்கள்? ஆரம்பாக்கத்தில் டீ குடித்துவிட்டு தடாவில் இறங்குகிற எங்களுக்கு அது ஒரு பலகை. ஏரியில் இருக்கிறவனுக்கு அது ஒரு நாள் பிழைப்பு.

பூநாரை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் பக்கம் வருவதும் ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருப்பதால்தான். சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரிக்குள்ளேயே போடப்பட்ட ரோடு இருக்கிறது. தண்ணீர் வற்றி வருகிற காலத்தில் அதன் இரண்டு பக்கமும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நிற்கும். அக்டோபரிலிருந்து மார்ச் வரைக்கும் சரியான காலம். அந்த ரோடே ஏரியின் நீரோட்டத்தைக் குறுக்கே கட்டிவிட்டது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி 29

இன்று காலை 6.23-க்கு ராக்கெட் போனது. ஜிஎஸ்எல்வி எஃப்15. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நூறாவது ஏவுதல். மொட்டை மாடியில் தெருவே நின்றது. முதலில் தீவுப் பக்கம் ஆரஞ்சு வெளிச்சம், புகை மேலே எழும்பி கிழக்கே சாய்ந்து, கிட்டத்தட்ட ஒரு நிமிடம் கழித்துத்தான் சத்தம் வந்து சேர்ந்தது. ஜன்னல் கதவு அதிர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா எப்போதும் போல் கும்பிட்டார். எனக்கும் கண் கலங்கியது. இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அது நம் வீட்டுப் பிள்ளை.

இன்று தை அமாவாசையும்கூட. ஏவுதல் நாளில் மீனவர்கள் கடலுக்குப் போக முடியாது, பழவேற்காட்டுப் பக்கமும் தடைதான். பாதுகாப்புக்காக என்பது புரிகிறது. ஒரு விசைப்படகுக்காரருக்கு ஒரு நாள் போனால் தாங்கும், அன்றன்று பிடித்து அன்றன்று விற்கிற கட்டுமரக்காரர் என்ன செய்வார்? ஏவுதல் தள்ளிப்போனால் இன்னொரு நாளும் போகும். அதற்கு ஒரு நஷ்டஈடு முறையாக வர வேண்டும் என்று இந்தக் கரை கேட்டுக்கொண்டே இருக்கிறது.

தீவில் ஆட்கள் இருந்தார்கள் என்பதே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. 1969-இல் ராக்கெட் தளத்துக்கு அந்த இடம் தேர்வானது, 1971 அக்டோபரில் முதல் சிறிய ராக்கெட் போனது. அதற்கு முன்னால் தீவில் யானாதிப் பழங்குடியினர் இருந்தார்கள், குப்பங்கள் இருந்தன. சென்னை அடுப்புக்கு விறகு இந்தத் தீவுக் காட்டிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகில் போனது. பாட்டியின் தங்கை குடும்பம் தீவிலிருந்து எழுந்து வந்ததுதான். சாகும் வரைக்கும் அவர் "எங்க ஊர்" என்று கையை நீட்டிக் காட்டுவது அந்தத் திசையைத்தான். ராக்கெட் போகிறபோது எல்லாரையும் போல் அவரும் கைதட்டுவார். இரண்டும் பொய்யில்லை.

பழவேற்காட்டுக்கு வருகிறவர்களுக்கு: கிளம்புவதற்கு முன் ஏவுதல் இருக்கிறதா என்று பாருங்கள். அன்று சுற்றுலாப் பயணிகளையும் கடற்கரைப் பக்கம் விடமாட்டார்கள்.

பிப்ரவரி 2

"குளிர்காலத்தில்தான் போக வேண்டுமா" என்று கேட்டவருக்கு. பறவைக்காக என்றால் ஆமாம். ஆனால் எழுதி முடித்த பிறகு தோன்றியது, ஏரியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் கோடையில் ஒரு தடவை போக வேண்டும்.

கோடையில் முகத்துவாரம் மணல் மூடிவிடும். ஆரணி ஆற்றிலும் தண்ணீர் வராது. கடல் நீர் உள்ளே வராவிட்டால் ஏரி வெந்து உப்பேறும், இறால் குஞ்சு உள்ளே வர வழியில்லை. அப்போது குப்பத்து ஆட்களே காசு போட்டு, ஆள் திரட்டி மணலை வெட்டிவிட்டிருக்கிறார்கள். முகத்துவாரம் திறந்த அன்று ஊரில் திருவிழாதான். இதற்கு நிரந்தர வழியாக நேர்கல் சுவர், அதாவது முகத்துவாரத்தை மணல் மூடாமல் தடுக்கிற கற்சுவர், வேண்டும் என்பது நீண்ட நாள் கோரிக்கையாக இருந்தது. இதற்கிடையில் தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்தன, கடலோரத்தில் மணல் நகர்கிற போக்கு மாறியது, சில இடங்களில் கரை அரித்துக் குப்பத்து வாசலுக்கே கடல் வந்துவிட்டது. காட்டுப்பள்ளியை இன்னும் பெரிதாக்கத் திட்டம் வந்தபோது இந்தக் குப்பங்கள் எதிர்த்து நின்றதற்குக் காரணம் இதுதான். வெளியூர்க்காரர்களுக்கு அது வளர்ச்சியா வேண்டாமா என்கிற விவாதம். மாமாவுக்கு அது முகத்துவாரம் மூடுமா மூடாதா என்கிற கேள்வி, அவ்வளவு நேரடியானது. கோட்டை போனாலும் ஊர் இருந்தது. முகத்துவாரம் போனால் ஊர் இருக்காது.

பிப்ரவரி 3

நேற்று எழுதியது கனமாகிவிட்டது. பனையோலை வேலை பற்றி எழுத மறந்தே போனேன். முஸ்லிம் வீடுகளில் பெண்கள் குருத்தோலையைக் கிழித்துக் காய வைத்து, சாயம் ஏற்றி, மூடி போட்ட பெட்டி, கூடை, கிலுகிலுப்பை எல்லாம் முடைவார்கள். ஓலையை நகத்தால் கீறி ஒரே அகலத்துக்கு இழுக்கிற வேகத்தைப் பார்க்க வேண்டும், பேச்சு நிற்காது, கண் ஓலை மேல் இருக்காது, அகலம் மட்டும் மாறாது. அம்மாவின் தோடும் மூக்குத்தியும் இன்றும் அப்படி ஒரு பெட்டியில்தான் இருக்கின்றன. பேரம் பேசாமல் வாங்குங்கள்.

பிப்ரவரி 9

கேள்வி கேட்டவரே வந்து "மறுபடி போகிறோம், எப்படிப் போனால் நல்லது" என்று கேட்டிருக்கிறார். மனசு நிறைந்தது. சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி போகிற லோக்கல் ரயிலில் பொன்னேரியில் இறங்குங்கள், அங்கிருந்து பஸ். முடிந்தால் விடியற்காலையிலேயே வந்து சேருங்கள், ஏலம் வெயில் ஏறினால் முடிந்துவிடும். ஏலக் கரையில் போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள், குறுக்கே நிற்காதீர்கள், அது அவர்கள் வேலை செய்கிற இடம். அப்புறம் பாலம் தாண்டி கலங்கரை விளக்கத்துப் பக்கம் போய் ஏரியும் கடலும் ஒரே பார்வையில் எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். திரும்பி வந்து பெருமாள் கோவில், மகிமை மாதா கோவில். மாதா கோவிலின் தொடக்கத்தை 1515 என்று சொல்கிறார்கள், இப்போது நிற்பது புதுக் கட்டடம், பழையதை இடித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. உச்சி வெயிலுக்கு முன் சின்னப் பள்ளிவாசல். கல்லறையைக் கடைசியில் வையுங்கள், மற்றதையெல்லாம் பார்த்த பிறகு அந்தக் கல்வெட்டுகள் வேறு மாதிரி தெரியும்.

மதியம் சாப்பாட்டுக்குப் பெரிய ஓட்டல் தேடாதீர்கள். ஏரி மடவை மீன் குழம்பு கிடைக்கிற சின்ன மெஸ்ஸில் உட்காருங்கள். ஏரி இறாலா, பண்ணை இறாலா என்று கேளுங்கள், சொல்வார்கள்.

பொன்னேரிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.